அடிபட்ட காலும் அடுத்த ஆட்டமும்

(மன்றத்தின் விளையாட்டுப் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தேகாப்பியாசத்தின் நன்மைகளைப் பற்றி இத்தகைய மேடைகளிற் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். ஓடு, ஆடு, உடலை உரமாக்கு என்று இளைஞரை ஊக்குவதற்கு நம்மிடையே ஆட்குறைவு இல்லை. ஓடியவன் விழுந்தபின் செய்யவேண்டியதைப் பேசுவோர்தான் அரியர். ஆதலால் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அடிபட்ட கால். அதிலும் சிறப்பாக, யாவரும் அற்பமென எண்ணும் கணுக்காற் சுளுக்கு.

உதைபந்தாயினும், கரப்பந்தாயினும், வலைப்பந்தாயினும் இது நேரும் விதம் ஒன்றே. மேலெழும்பி இறங்குகையிலோ, குழியில் கால் வைக்கையிலோ பாதம் உட்புறமாக மடிகிறது. கணுக்காலின் வெளிப்புறத்திலே எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நார்கள் மூன்று உள. அவற்றுள் முன்பக்கத்து நாரே பெரும்பாலும் முதலில் இழுபட்டுக் கிழிகிறது. சற்று நேரத்தில் வீக்கம் எழுகிறது. அதன்பின் நடப்பதும் நாம் அறிந்ததே. ஒருவர் காலைப் பிடித்து இழுக்கிறார். இன்னொருவர் எண்ணெய் போட்டு உருவுகிறார். மூன்றாமவர், "தம்பி, எழும்பி ஓடு, தானாய்ச் சரிவரும்" என்கிறார்.

மூன்றும் ஆகா. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களில் அழுத்தி உருவுவதும், சூடு வைப்பதும் கசிவைக் கூட்டும். அந்நாட்களில் வேண்டியவை மிக எளியவை: ஆட்டத்தை நிறுத்துதல், துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தல், மீள்பட்டியால் இதமாகச் சுற்றுதல், காலை நெஞ்சு மட்டத்திற்கு மேலே உயர்த்தி வைத்தல். ஐஸ் வலியைத் தணிக்கும். நாரை விரைவில் ஆற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்னும் முறையை 1978இல் தம் நூலில் எழுதிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் அவர்களே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக்கூடும் எனப் பிற்காலத்தில் எழுதினார்.

எலும்பு முறிந்துள்ளதோ என்ற ஐயத்திற்கு, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட விதிகள் பெரிதும் உதவுகின்றன. அடிபட்டவுடனும் ஆஸ்பத்திரியிலும் நான்கு அடியேனும் காலூன்றி நடக்க முடியாதுபோனாலோ, கணுக்காலின் இருபக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் நுனியிலும், பின்விளிம்பில் ஆறு சென்ரிமீற்றர் வரையிலும் அழுத்தும்போது நொந்தாலோ, எக்ஸ்றே படம் எடுக்கவேண்டும். பாதத்தின் வெளிவிளிம்பு நடுவில் உள்ள எலும்பு நொந்தாலும் அவ்வாறே. நமது முறிவு நெரிவு வைத்தியர்களின் கைப்பழக்கத்தை நாம் குறைத்துப் பேசவரவில்லை. புக்கை கட்டுவதாயினும் படம் எடுத்துப் பார்த்தபின் கட்டட்டும் என்பதே நமது வேண்டுகோள்.

இனி, இவ்வுரையின் உயிரான பகுதிக்கு வருவோம். பத்துப் பதினைந்து நாளில் நோவு போய்விடுகிறது, வீக்கமும் வற்றிவிடுகிறது. இளைஞன் தான் சுகமடைந்துவிட்டதாக நினைக்கிறான். உள்ளேயுள்ள நாரோ பழைய வலுவைப் பெற இன்னும் பல வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். அன்றியும், பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்கு அறிவிக்கும் நுண்ணிய நரம்பு முனைகள் அந்நாரிலே உள்ளன. நார் கிழியும்போது அச்செய்தியும் தடைப்படுகிறது. கால் மடிவதை உடல் அறிந்து தடுப்பதற்குள் கால் மடிந்துவிடுகிறது. முன்பு சுளுக்கிய காலே மீண்டும் சுளுக்குவதற்கு இது ஒரு பெருங்காரணம். இரண்டு மூன்று முறை இப்படி ஆனவனுக்குக் கடைசியில் சமதரையிலும் கால் தடுமாறும். இருபது வயதிலே "எனக்குக் கால் சரியில்லை" என்று மைதானத்தை விட்டு ஒதுங்கியவர் எத்தனை ஊர்களில் எத்தனை பேர்!

மருந்து இருக்கிறது, காசு தேவையில்லை. கடுமையற்ற சுளுக்காயின், நோவு பொறுக்குமளவில், சில நாட்களிலேயே மெல்ல ஊன்றி நடக்கத் தொடங்கலாம். முழுக்கப் படுத்திருப்பதைவிட இதுவே நல்லது. பாதத்தால் எழுத்துக்களை அந்தரத்தில் எழுதுதல், குதியை உயர்த்தி இறக்குதல், பிறகு ஒற்றைக்காலில் நிற்றல். முதலில் கண் திறந்து, பின்னர் கண் மூடி, பின்னர் தலையணைமேல். நெதர்லாந்தில் கரப்பந்தாட்ட வீரரிடையே செய்து 2004இல் வெளியான ஆய்வில், சமநிலைப் பயிற்சி முன்பு சுளுக்கியவரிடையே மறுசுளுக்கைக் குறைத்தது. இயன்மருத்துவர் உள்ள ஆஸ்பத்திரிகளில் இவற்றை முறையாகக் கற்றுக்கொள்ளலாம்.

முழங்காலின் உள்நார் அறுந்தால் காரியம் இன்னும் பெரிது. வலைப்பந்தாடும் பெண்பிள்ளைகள் இதனைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். சத்திரசிகிச்சையின் பின் ஆட்டத்திற்குத் திரும்பியவர்களைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வொன்று, ஒன்பதாம் மாதம் வரை திரும்புதலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தைச் சுமார் பாதியாகக் குறைத்ததெனக் கண்டது. ஒன்பது மாதம் என்றால் ஒரு முழுப் போட்டிக்காலம் போய்விடுமே என்று பிள்ளை அழும். அழட்டும், பக்கத்தில் இருந்து தேற்றுவோம்.

சீனத்துத் தடைதாண்டல் வீரர் லியு சியாங் 2004இல் ஏதென்சில் தங்கம் வென்றவர். 2008இல் தம் நாட்டு பெய்ஜிங் நகரிலே, தொண்ணூறாயிரம் பேர் கொள்ளும் அரங்கிலே, குதிநாண் நோவால் ஓடாமலே திரும்பினார். ஏசியவர் பலர். அதே லியு 2011இல் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2012இல் இலண்டனில் முதல் தடையிலேயே இடறி விழுந்து அதே குதிநாண் அறுந்தது. ஒரு நாட்டின் ஆசை முழுவதும் ஒரு குதிநாணின்மேல் ஏறி நின்றதை நினைத்தால், நமது ஊர்ச் சுற்றுப்போட்டியின் கேடயம் எவ்வளவு சிறிது! அக்கேடயத்திற்காக ஊசியேற்றி, மரத்துப்போன காலோடு பிள்ளையை இறக்கும்படி எந்தப் பெரியவரும் கேட்கலாகாது.

உணவைப் பற்றியும் சொல்லவேண்டும். அடிபட்ட பிள்ளைக்கு மீனையும் முட்டையையும் நிறுத்திப் பத்தியம் வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. கிழிந்ததைக் கட்டவும், கட்டுக்குள் மெலியும் தொடைத்தசையைக் காக்கவும் புரதம் வேண்டிய வேளை அதுவே. பயிற்சி செய்பவருக்கு உடல்நிறையில் ஒரு கிலோவிற்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் என்பது இன்றைய கணக்கு. அறுபது கிலோ இளைஞனுக்கு ஏறத்தாழ எழுபது முதல் நூற்றிருபது கிராம். முட்டை ஒன்றில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் இருபது. சைவ உணவினர் மனந்தளர வேண்டியதில்லை: நூறு கிராம் பயறில் இருபத்துநான்கு, ஐம்பது கிராம் உலர்ந்த சோயாவில் இருபத்தைந்து. உழுந்து, கடலை, தயிர், பால் யாவும் துணை. ஒரே வேளையில் குவிக்காது மூன்று நான்கு வேளையாகப் பகிர்ந்து உண்பது நல்லது. முருங்கையிலையின் இரும்புச்சத்து உடலிற் சேர எலுமிச்சம்புளி உதவும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் கெடுக்கும். டின்னில் வரும் மாவகைகளுக்குக் காசைக் கொட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. தடைசெய்யப்பட்ட மருந்து கலந்த டின்னை அறியாமல் உண்டு தண்டனை பெற்ற வீரர் உலகில் உளர்.

வெயிலில் ஆடுவோர்க்கு இளநீர் நல்லது. ஆயினும் அதில் உப்புக் குறைவு. நெடுநேரம் வியர்த்தவன் சிறிது உப்புள்ள உணவையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். கந்தசஷ்டிபோன்ற விரத நாட்களில் உபவாசம் இருப்போர் கடும்பயிற்சியை ஒத்திவைத்தால் விரதத்திற்கும் குறைவில்லை, உடலுக்கும் குறைவில்லை.

அடிபட்டவர் எப்போது திரும்புவது? நாட்காட்டியைப் பாராமல் காலைப் பார்க்கவேண்டும். நோவின்றி ஓடி, திடீரெனத் திரும்பி, அடிபட்ட காலால் மட்டும் துள்ளி, மற்றக் காலுக்குச் சமமாக நின்றால் ஆடலாம். குழுத்தலைவரோ பார்வையாளரோ அதனைத் தீர்மானித்தலாகாது. ஆட்டத்தில் வெற்றி தோல்வியோடு சம்பந்தப்படாத ஒருவரை மன்றம் அதற்கென நியமிக்குமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். ஐஸ்பெட்டி ஒன்றும் மீள்பட்டி நான்கும் வாங்கிவைத்தல் அவருடைய முதல் வேலையாகட்டும்.

இப்பொழுது இளைஞர்கள் எல்லோரும் எழுந்து, கண்ணை மூடி, ஒற்றைக்காலில் முப்பது விநாடி நில்லுங்கள் பார்ப்போம். முன்பு சுளுக்கிய காலில் நிற்பவர்கள் பக்கத்திலுள்ளவரின் தோளைப் பிடித்துக்கொள்ளலாம்.