வீட்டுக் கணினியும் குடும்ப ஆவணங்களும்

(சித்தூரில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னாளுகை என்னும் சொல் நாட்டின் பல பகுதிகளில் ஏட்டளவில் இருந்த காலத்திலேயே அதனை நடைமுறையில் கண்டது சித்தூர் மாவட்டம். 2002-ஆம் ஆண்டில் ஹியூலட் பேக்கர்டு நிறுவனமும் ஆந்திரப் பிரதேச அரசும் இணைந்து, மூன்று மாநிலங்கள் சந்திக்கும் குப்பம் வட்டாரத்தில் சமுதாயத் தகவல் மையங்களை நிறுவும் திட்டத்தைத் தொடங்கின. சூரிய மின்சக்தியால் இயங்கும் சிறிய அச்சுக் கருவியையும் டிஜிட்டல் காமிராவையும் சுமந்து சென்று, கிராமப் பெண்கள் சிலர் புகைப்படம் எடுத்து வருவாய் ஈட்டியது அத்திட்டத்தின் ஒரு பகுதியாகும். அதன் பின்னர், 2011 நவம்பர் 4 அன்று 'மீ சேவா' திட்டம் இம்மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அடங்கல் நகலையும், வருமானம், சாதி, பிறப்பு ஆகியவற்றுக்கான சான்றிதழ்களையும் மின் கையொப்பத்துடன் பெறும் வழி அதனால் பிறந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. 2025 ஜனவரி 30 அன்று தொடங்கப்பட்ட 'மன மித்ர' சேவையின் மூலம், வாட்ஸ்அப் வழியாகவே அரசின் சேவைகளைப் பெறும் நிலையும் வந்துவிட்டது.

அரசு தன் கடமையின் ஒரு பகுதியைச் செய்துவிட்டது. சான்றிதழ் ஒரு கோப்பாக நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. அதற்குப் பிறகு அதனைக் காப்பது யார்? முன்னாளில் நிலப் பத்திரத்தையும் ஜாதகக் கட்டையும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிய குடும்பத் தலைவி, இன்று அவற்றைக் கணினியில் எங்கே வைத்திருக்கிறோம் என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் மறுமொழி கிடைப்பதில்லை. கணினியில் மென்பொருள்கள் எங்கே குடியிருக்கின்றன, நம் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன, ஓர் ஆவணத்தைத் திறக்கும் உரிமை எந்த மென்பொருளுக்குத் தரப்பட்டிருக்கிறது என்னும் மூன்று செய்திகளையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும் என்பதே இன்று நான் வற்புறுத்த விரும்புவது.

மென்பொருளின் இருப்பிடம்

விண்டோஸ் கணினியில் மென்பொருள்களுக்கென்று 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்னும் கோப்புறை ஒன்று உண்டு. இது 1995-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 95 முதல் வழக்கத்தில் உள்ளது. இன்றைய கணினிகள் பலவற்றில் இப்பெயரில் இரண்டு கோப்புறைகள் காணப்படும். ஒன்று 64 பிட் மென்பொருள்களுக்கு உரியது. 'எக்ஸ் 86' என்னும் அடைமொழியோடு கூடிய மற்றொன்று 32 பிட் மென்பொருள்களுக்கு உரியது. பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் பலவும் இந்த இரண்டாவது கோப்புறையிலேயே அமரும். இவையிரண்டும் போதாவென்று, சில மென்பொருள்கள் பயனரின் பெயரிலுள்ள மறைவான கோப்புறை ஒன்றில் சென்று தங்கிவிடுவதும் உண்டு.

இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக உள்ளன. வேண்டாத மென்பொருளின் கோப்புறையை அழித்துவிட்டால் அது ஒழிந்துவிடும் என்பது ஒன்று. மென்பொருளை நிறுவும்போது, அதைப் பற்றிய குறிப்புகள் 'ரெஜிஸ்ட்ரி' எனப்படும் பதிவேட்டிலும் எழுதப்படுகின்றன. கோப்புறையை மட்டும் அழித்தால் பதிவேட்டில் வெற்றுப் பெயர் நிற்கும். அதனால் பிழைகள் தோன்றும். அமைப்புகள் பகுதியிலுள்ள 'அன்இன்ஸ்டால்' வழியாக நீக்குவதே முறை.

'சி' வட்டில் இடம் குறைகிறது என்று மென்பொருள் கோப்புறைகளை அப்படியே 'டி' வட்டுக்கு நகர்த்திவிடலாம் என்பது மற்றொன்று. அவ்வாறு நகர்த்தினால் பதிவேடு காட்டும் முகவரியில் அம்மென்பொருள் இராது. அது இயங்கவும் மறுக்கும். நகர்த்த வேண்டியது மென்பொருளை அன்று. நம் ஆவணங்களையே நகர்த்த வேண்டும்.

ஆவணத்தின் இருப்பிடம்

கணினி பழுதடைந்தால் பழுது பார்ப்பவர் வழக்கமாகச் செய்வது என்ன? 'ஃபார்மட்' செய்து, அதாவது 'சி' வட்டை முற்றிலும் துடைத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுகிறார். மென்பொருள்கள் யாவும் அழிகின்றன. அதனால் பெரிய இழப்பு ஏதும் இல்லை. அவற்றை மீண்டும் நிறுவிக் கொள்ளலாம். ஆனால் கணினித் திரையில் கண்ணெதிரே தெரியும் 'டெஸ்க்டாப்', 'டாக்குமெண்ட்ஸ்', 'டவுன்லோட்ஸ்' ஆகிய கோப்புறைகளும் இயல்பாக அதே 'சி' வட்டில்தான் உள்ளன. திரையில் வைத்தது பத்திரமாக இருக்கும் என்று நம்பிய குடும்பம், பிள்ளையின் மதிப்பெண் பட்டியலையும், மாந்தோப்பின் வரவு செலவுக் கணக்கையும், மறைந்த பெரியவரின் படத்தையும் ஒரே பிற்பகலில் இழக்கிறது. எங்கும் எளிதாக நடக்கக் கூடிய இழப்பு இது. எளிதாகத் தடுக்கக் கூடியதும் இதுவே.

ஆவணக் கோப்புறையின் பண்புகள் பகுதியில் 'லொகேஷன்' என்னும் பக்கம் உண்டு. அங்கே 'டி' வட்டின் முகவரியைக் கொடுத்துவிட்டால், ஆவணங்கள் அன்று முதல் அங்கே சேரும். 'சி' வட்டைத் துடைத்தாலும் அவை தப்பும். ஆயினும், 'சி'யும் 'டி'யும் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் ஒரே வட்டின் இரு பிரிவுகளே என்பதை மறத்தலாகாது. வட்டு பழுதடைந்தால் இரண்டும் போகும். ஆகவே வெளி வட்டு ஒன்றில் மாதம் ஒரு முறையேனும் நகல் எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

எந்தச் செயலி திறக்கிறது?

அடுத்து, கடைக்காரர்கள் 'டிஃபால்ட்' என்று வழங்கும் இயல்புநிலைச் செயலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கோப்பின் மீது இரு முறை சொடுக்கினால் உடனே ஒரு மென்பொருள் வந்து அதைத் திறக்கிறது. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்வரும் எழுத்துகளே அதன் இனத்தைக் குறிக்கும். பி.டி.எஃப். என்றால் இன்ன மென்பொருள், ஜே.பி.ஜி. என்றால் இன்ன மென்பொருள் என்று விண்டோஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. முற்காலத்தில், புதிதாக நிறுவப்படும் மென்பொருள் எதுவும் பயனரைக் கேளாமலே அப்பட்டியலில் தன் பெயரை எழுதிக் கொள்ள முடிந்தது. விண்டோஸ் 10-இல், பயனரே அமைப்புகள் பகுதிக்குச் சென்று மாற்ற வேண்டும் என்னும் முறை வந்தது.

இதில் என்ன பெரிய வேறுபாடு என்று சிலர் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். நம் வீட்டுக்கு வரும் மின் ஆதார் கோப்பு மின் கையொப்பம் இடப்பட்டது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இத்தகைய கையொப்பத்துக்குச் சட்ட ஏற்பு அளித்துள்ளது. புதிய கணினியில் பி.டி.எஃப். கோப்பை இயல்பாகத் திறப்பது இணைய உலாவியே. உலாவிகள் பல எழுத்தையும் படத்தையும் காட்டுமேயன்றி, கையொப்பம் உண்மையானதா என்று ஆராய்வதில்லை. அடோபி ரீடர் போன்ற மென்பொருளில் அதே கோப்பைத் திறந்தால், கையொப்பத்தின் மீது கேள்விக்குறி ஒன்று தோன்றும். கையொப்பச் சான்றை நம்பத்தக்கதாக ஒரு முறை பதிவு செய்துவிட்டால், அக்குறி மறைந்து பச்சை நிற அடையாளம் வரும். ஆவணம் திருத்தப்பட்டிருந்தால் அதையும் அம்மென்பொருள் எடுத்துரைக்கும். ஒரே கோப்புதான்; ஆனால் திறக்கும் செயலியைப் பொறுத்து, அது வெறும் படமாகவும் நிற்கும், சரிபார்க்கத் தக்க சான்றாகவும் நிற்கும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். உலாவியில் திறந்த சான்றிதழை 'பிரிண்ட்' வழியாக மறுபடியும் பி.டி.எஃப். ஆகச் சேமிப்பவர் பலர். அப்படிப் பிறக்கும் புதிய கோப்பில் மின் கையொப்பம் இராது. ஆதலால் முதலில் வந்த கோப்பையே மாற்றாமல் காப்பாற்ற வேண்டும்.

இதில் ஆபத்தும் உண்டு. விண்டோஸ், தான் அறிந்த இனங்களின் ஈற்றெழுத்துகளை இயல்பாக மறைத்துவிடுகிறது. 'சான்றிதழ்.பி.டி.எஃப்.' என்று தோற்றமளிக்கும் கோப்பின் உண்மையான ஈறு 'இ.எக்ஸ்.இ.' ஆக இருக்கலாம். அதைச் சொடுக்கினால் ஆவணம் திறவாது. யாரோ எழுதிய நிரல் நம் கணினியில் ஓடத் தொடங்கும். கைப்பேசியில் அரசுத் திட்டத்தின் பெயரால் வரும் 'ஏ.பி.கே.' கோப்புகளும் இவ்வினத்தவையே. கோப்பின் ஈற்றெழுத்துகள் எப்போதும் தெரியும்படி அமைத்துக் கொள்வது ஒரு நிமிட வேலை. ஏமாந்து பணம் இழந்தவர்கள் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

இரு மொழி வீடுகளின் சிக்கல்

குப்பம், நகரி, சத்தியவேடு ஆகிய எல்லைப் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. பிள்ளை தெலுங்கில் படிக்கிறான். பாட்டி தமிழில் கணக்கு எழுதுகிறார். இத்தகைய வீடுகளில் கணினிக்கு இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழைத் தட்டச்சு செய்ய ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி எழுத்துருவைக் கையாண்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால், பொருளற்ற ரோமன் எழுத்துகளே தோன்றும். எழுத்துருக்கள் தங்கியிருப்பதும் 'சி' வட்டில்தான். வட்டைத் துடைத்தால், 'டி' வட்டில் தப்பிய திருமண அழைப்பிதழும் சங்கத் தீர்மானமும் படிக்க இயலாதனவாகிவிடும்.

1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கும் தெலுங்குக்கும் இடம் கிடைத்தது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் நேரடியாகக் கணினியில் இயங்கியது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. எனவே பழைய எழுத்துருக் கோப்புகளை இன்றே யூனிகோடுக்கு மாற்றி வைப்பது அறிவுடைமை. மாற்றித் தரும் கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

தேர்ந்தெடுக்கும் உரிமை

இயல்புநிலைச் செயலி என்பது நம் வீட்டளவில் நின்றுவிடும் சிறு செய்தியன்று. முதலில் அமைந்திருப்பதை மாற்றாமலே மக்கள் பயன்படுத்துவர் என்பது பெரு நிறுவனங்கள் நன்கறிந்த உண்மை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம், பயனர்க்கு உலாவியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பளிப்பதாக 2009-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் உறுதியளித்தது. அதை மீறியதற்காக 2013-இல் அந்நிறுவனத்துக்கு 56 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. நம் நாட்டிலும், ஆண்டிராய்டு கைப்பேசிகளில் தன் செயலிகளை முன்கூட்டியே புகுத்தியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக, 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுள் நிறுவனத்துக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், ஆணையத்தின் உத்தரவுகள் சிலவற்றை நீக்கியபோதிலும், அபராதத்தை உறுதி செய்தது. ஆணையங்கள் பெற்றுத் தரும் உரிமை, அமைப்புகள் பக்கத்தை ஒரு முறையும் திறந்து பாராத வீட்டில் பயன் தராது.

உரிமையைப் பயன்படுத்த வேறு வழிகளும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. புதிய கணினி வாங்க இயலாதோர், சி-டாக் நிறுவனம் 2007 முதல் வெளியிட்டு வரும் 'பாஸ்' லினக்ஸைப் பரிசீலிக்கலாம். இந்திய மொழிகளுக்காக அமைக்கப்பட்டது அது. லினக்ஸில் 'ஹோம்' என்னும் கோப்புறை பயனரின் ஆவணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. நிறுவும்போதே அதனைத் தனிப் பிரிவாக வைத்துக் கொள்ளவும் முடியும்.

நாம் செய்ய வேண்டுவன

நண்பர்களே, இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்தால், செய்ய வேண்டுவன சிலவே. மென்பொருளை அதன் இடத்திலேயே விடுக; நீக்குவதாயின் முறைப்படி நீக்குக. ஆவணங்களை வேறு பிரிவில் வைத்து, வெளி வட்டில் நகல் எடுக்க. கையொப்பமிட்ட சான்றிதழ்களுக்குக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயலியையே இயல்புநிலையாக அமைக்க. ஈற்றெழுத்துகளைப் பார்த்த பிறகே எந்தக் கோப்பையும் திறக்க. கணினியைப் பழுது பார்க்கக் கொடுக்கு முன், எதைத் துடைப்பீர்கள் என்று கேட்டு அறிக.

இவற்றைக் கற்பிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும். வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் உள்ள மண் இது. அவற்றின் மாணவர்கள் விடுமுறையில் தம் ஊருக்குச் செல்லும்போது, தம் வீட்டிலும் அண்டை வீடு ஒன்றிலும் இதைச் செய்து கொடுத்தால் போதும். இணைப்புகளின் எண்ணிக்கையையும் விநியோகித்த சான்றிதழ்களின் எண்ணிக்கையையும் கொண்டே நாம் டிஜிட்டல் வளர்ச்சியை அளந்து வருகிறோம். ஐந்தாண்டுகளுக்கு முன் பெற்ற சான்றிதழை இன்று எத்தனை குடும்பங்கள் தாமே தேடி எடுத்துத் திறக்க முடிகிறது என்பதையும் அந்த அளவுகோலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு, என் உரையை முடிக்கிறேன்.