ஜுரம் விட்ட நாளில்தான் ஜாக்கிரதை
(பீடித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டெங்கு ஜுரத்தைப் பற்றிப் பேச நாம் டாக்டர்கள் அல்ல. ஆனால் 2012-ல் கடையநல்லூர் வட்டாரம் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு கண்டது, 66 பேர் மாண்டனர் என்பது சர்க்கார் கணக்கு. இந்தியா முழுவதற்கும் கணக்கு 50,222. நான்கில் ஒரு பங்கு நம்முடையது!

இந்தக் கணக்கில் ஏறியவர்கள் யார்? ஆஸ்பத்திரிக்கு வந்து, ரத்தப் பரிட்சையில் ஊர்ஜிதமானவர்கள். டெங்குக் கிருமி புகுந்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பேருக்கு வியாதி வந்ததே தெரியாது. இன்னும் பலர் இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுப் பீடித் தட்டின் முன் உட்கார்ந்து விடுகிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில்களை எண்ணி இந்த வியாதியை அளந்துவிட முடியாது.

வியாதியின் போக்கு என்ன? திடீரென்று கடும் ஜுரம். தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறித்தாற்போல் உடம்பு வலி. சிலருக்குத் தோலில் சிவந்த தடிப்பு. இரண்டு முதல் ஏழு நாட்களில் ஜுரம் இறங்கும். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ஜுரம் இறங்கும்போதுதான் சிலருக்கு ஆபத்து ஆரம்பிக்கிறது. ரத்தத்திலுள்ள நீர் நாளங்களிலிருந்து கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்குகிறது. ரத்தம் கெட்டிப்படுகிறது, நாடி தளர்கிறது, கைகால் சில்லிடுகிறது. இந்தக் கண்டம் 24 முதல் 48 மணி நேரம்.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? ஜுரம் விட்டது, இனியும் படுத்தால் வாரக் கூலி போய்விடும் என்று இலை வெட்ட உட்காருகிற நாளும் அதே நாள்தான்! அசட்டையா இது? இல்லை, வயிற்றுப்பாடு. ஆனாலும் சொல்லுகிறோம்: விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மயக்கம், அமைதியின்மை – இவற்றில் ஒன்று கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராதீர்கள். ரத்தத் தட்டு எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது மட்டும் போதாது, ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டது என்பதையும் டாக்டர்கள் கவனிக்கிறார்கள். தக்க சமயத்தில் அளவறிந்து ஏற்றும் உப்பு நீரே பல உயிர்களைக் காக்கிறது.

ஜுரத்துக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூபன் வேண்டாம், அவை ரத்தக் கசிவை அதிகப்படுத்தும். நிலவேம்புக் கஷாயம் குடித்தாயிற்றே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமலும் இருந்துவிடாதீர்கள். முன்பே வந்தவருக்கு இனி வராது என்பதும் தப்பு. இந்த வைரஸில் நான்கு வகை உண்டு. வேறொரு வகையால் இரண்டாம் முறை வரும்போது அது முற்றுவதற்கு வாய்ப்பு அதிகம்.

கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை. இது பகலில் கடிப்பது, வீட்டில் சேர்த்து வைத்த நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. குடம் குடமாய்ச் சேர்த்து வைப்பது யார் குற்றம்? குழாயில் தினந்தோறும் தண்ணீர் வந்தால் எந்தத் தாய் தொட்டியை நிரப்பி வைப்பாள்? அபராதச் சீட்டோடு வருகிற அதிகாரியிடம் இதைக் கேளுங்கள். அதுவரை, தொட்டியை மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை காலி செய்து உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஏனெனில் சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீரில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.