சாதிக்காரன் விரித்த வலையில் நம் பிள்ளைகள்

(குன்னத்தூரில் இளைஞர் பணியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பசங்க எந்நேரமும் செல்லுலயே கிடக்குறாங்க, கூப்பிட்டாக் கூட்டத்துக்கு வர்றதில்ல" என்பது நாம் எல்லோரும் சொல்லும் குறை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரை மணிக்கு மேல் ஊர் திரும்பும் பையனுக்கு மிஞ்சுவது அந்தச் செல்பேசி மட்டும்தான். அதைப் பிடுங்க நமக்கு உரிமையும் இல்லை, அதனால் பயனும் இல்லை. அதற்குள் அவனை முதலில் வரவேற்பது யார் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். வண்டி ஊர்வலம், அரிவாள் வசனம், ஆண்ட பரம்பரைப் பாட்டு என்று சாதிச் சங்கங்களின் ரீல்ஸ் அங்கே முன்பே வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இது நேற்று தொடங்கியதல்ல. 2015 ஜூனில் திருச்செங்கோட்டில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். தலைமறைவாக இருந்த யுவராஜ், வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகளில் தொடர்ந்து பேசினார், தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். கொலைவழக்கில் தேடப்பட்டவரின் குரல் நம் மேற்கு மாவட்டங்களில் கைபேசிக்குக் கைபேசி போனது. அக்டோபரில் நாமக்கல்லில் அவர் சரணடைய வந்தபோது ஆதரவாளர்கள் திரண்டு நின்றார்கள். பத்து ஆண்டு கழித்து, 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் கொல்லப்பட்டபோதும் குற்றஞ்சாட்டப்பட்டவரைப் புகழ்ந்து இன்ஸ்டாகிராமில் பதிவுகள் ஓடின.

ஆனால் அதே கோகுல்ராஜ் வழக்கில் இன்னொன்றையும் பாருங்கள். சாட்சி பிறழ்ந்த பிறகும் வழக்கு நின்றதற்கு திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு முக்கியமான காரணம். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. பதிவு என்பது பத்திரமாக இருந்தால்தான் சாட்சியம்.

2016 மார்ச் 13 அன்று உடுமலையில் சங்கர் வெட்டப்பட்ட காட்சியையும் நினைத்துப் பாருங்கள். நீதிமன்றத்தில் அது ஆதாரம். செல்பேசிகளில் அதுவே, "சாதி மாறிக் கல்யாணம் செய்தால் இதுதான் கதி" என்ற மிரட்டலாகச் சுற்றியது. கோபத்தில் நம்மவர்களும் அதைப் பகிர்ந்தார்கள். நம் கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்த மிரட்டலை நாமும் சேர்ந்து வீடுவீடாகக் கொண்டுபோனோம்.

வதந்தி பிரிப்பது சாதியை வைத்து மட்டுமல்ல. 2023 ஜனவரியில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழர்களைத் துரத்துவதாகத் திருப்பூர்க் காணொலி ஒன்று பரவியது. மார்ச்சில், தமிழர்கள் பீகாரிகளைக் கொல்வதாகப் பொய்க் காணொலிகள் வடக்கே பரவின. வேறு மாநிலத்தில் நடந்த கொலையைக்கூட இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். பயந்துபோன தொழிலாளர்கள் ரயிலேறினார்கள், பீகார் அரசு இங்கே குழு அனுப்பியது. ஒரே தையல் லைனில் உட்கார்ந்திருப்பவர்களை ஒருவரையொருவர் சந்தேகிக்க வைக்கச் சில காணொலிகள் போதுமாயிருந்தன.

அப்படியானால் நாம் என்ன செய்வது?

முதலாவது, சாதிவெறிப் பதிவைக் கண்டிப்பதற்காகக்கூடப் பகிராதீர்கள். அது அவர்களுக்கு இலவச விளம்பரம். திரைப்படம் எடுங்கள், இணைப்பு, கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். வந்த கோப்பை வெட்டாமல், ஒட்டாமல் அப்படியே வையுங்கள். பட்டியல் சாதியினருக்கு எதிராகப் பகையும் வெறுப்பும் வளர்க்கும் எழுத்தோ பேச்சோ படமோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(u) பிரிவின்படி குற்றம். 14566 என்ற தேசிய உதவி எண் உங்கள் செல்பேசியில் இருக்கட்டும்.

இரண்டாவது, சாதிமறுப்பு இணையரின் படத்தைப் போட்டு "புரட்சிகர வாழ்த்துகள்" சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்தப் படத்தில் தெரியும் ஒரு பேருந்து நிறுத்தமோ கடைப் பலகையோ தேடுகிறவர்களுக்குப் போதும். இணையரின் சம்மதமும் பாதுகாப்பும் உறுதியாகும்வரை படம் வேண்டாம். 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. வாழ்த்துப் பதிவுக்கு முன்னால் அந்த எண்ணைத் தேடிக் கொடுப்பது நம் வேலை.

மூன்றாவது, நமக்கும் கட்டுப்பாடு தேவை. குழுவுக்குக் குறைந்தது இரண்டு பொறுப்பாளர்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பதின்வயதுப் பிள்ளைகளுடன் இரவில் தனியாக அரட்டை கூடாது. மாலை வகுப்புக்கு வரும் குழந்தைகளின் முகத்தைப் பெற்றோர் அனுமதியின்றிப் போடக் கூடாது. இயக்கத்துக்காரர் என்பதால் யாரும் விதிக்கு மேலானவர் அல்ல.

நான்காவது, நம் செய்தியை நாமே சொல்வது. அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, பணம் கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. அடுத்தவன் பத்திரிகையில் இடமில்லை என்று அவர்கள் முடங்கவில்லை. 2018இல் பக்கத்து அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில், அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அதிகாரிகள் அவரைத்தான் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். செய்தி வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த மாற்றல் ரத்தானது. இப்படிப்பட்ட செய்திகளைப் பெயர், இடம், நாள் சரிபார்த்து ஒரு நிமிடக் குரல்பதிவாகச் சொல்லப் பழகுங்கள். அதனோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஓவர்டைம் கணக்கையும் சொல்லுங்கள். உழைக்கிறவனுக்குப் பயன்படும் குழுவைத்தான் அவன் திறந்து பார்ப்பான்.

கடைசியாக ஒன்று. சாதிப் பாட்டை ஸ்டேட்டஸ் வைக்கும் ஆதிக்கசாதிப் பையனும் அதே கம்பெனியில், அதே சனிக்கிழமைச் சம்பளத்துக்குத்தான் நிற்கிறான். அவனைப் பிளாக் செய்வது எளிது. ஆனால் டீ இடைவேளையில் அவனிடம் பேச நம்மை விட்டால் ஆளில்லை. மிரட்டுகிறவனை விட்டு விலகுங்கள், ஆதாரம் எடுத்துப் புகார் கொடுங்கள். வெறும் பெருமைக்காக ஒட்டிக்கொண்டவனிடம் நேரில் பேசுங்கள். அந்தப் பேச்சைக் கமெண்டில் நடத்த முடியாது.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் குழுக்களில் பொறுப்பாளர் யார், அதில் பெண்கள் எத்தனை பேர், யாருடைய படங்கள் கிடக்கின்றன என்று பாருங்கள். சரிசெய்ய வேண்டியதை அங்கிருந்து தொடங்குவோம்.