அடுக்களை மொழியும் வகுப்பறை மொழியும்



மேனாட்டாரின் குடும்ப வாழ்வு குறித்துத் தமிழ் மேடைகளில் நெடுங்காலமாக ஒரு கருத்து உலவி வருகிறது. அங்கே பிள்ளைகள் வளர்ந்ததும் பெற்றோரைப் பிரிந்துவிடுவர், குடும்பம் என்னும் கட்டே தளர்ந்துவிட்டது என்பது அக்கருத்து. சொல்வது எளிது, நிறுவுவது அரிது. மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் என்னும் இருவர் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனில் உழைக்கும் மக்களிடையே ஆய்வு செய்து 1957இல் ஒரு நூல் வெளியிட்டனர். தாய் உயிரோடிருந்த மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முந்தைய ஒரு நாளுக்குள் தாயைச் சந்தித்திருந்தனர் என்பது அந்நூல் தரும் செய்தி. தாய்வீடு பெரும்பாலும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தது. இத்தகைய மக்களைப் பாசமற்றவர் என்று எவ்வாறு கூறுவது?

ஆயினும் பிரிவு நிகழ்ந்தது உண்மை. பல குடும்பங்களில் அது தொடங்கிய இடம் பள்ளி; அது முதலில் வெளிப்பட்ட இடம் பேச்சு. பெற்றோர் பேசும் மொழியும் பிள்ளை கற்ற மொழியும் வேறுபட்டபோது வீட்டில் என்ன நேர்ந்தது என்பதைப் புள்ளிவிவரங்களைவிடக் கவிஞர்களும் தன்வரலாற்று ஆசிரியர்களும் தெளிவாகப் பதிவு செய்துள்ளனர்.

1865இல் பம்பாயில் பிறந்த ருட்யார்டு கிப்ளிங்கின் தன்வரலாறு, அவர் மறைந்த பின் 1937இல் வெளிவந்தது. அதில் ஓர் உணவுக்கூடம் வருகிறது. பகலெல்லாம் ஆயாவோடும் ஏவலரோடும் நாட்டுமொழியில் பேசித் திரிந்த குழந்தைக்கு ஆடை அணிவித்து, அப்பாவிடமும் அம்மாவிடமும் ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்ற எச்சரிக்கையோடு உள்ளே அனுப்புவர். தான் நினைப்பதும் கனவு காண்பதும் ஆகிய மொழியிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்து, தட்டுத் தடுமாறிப் பெற்ற தாயிடம் பேசியது அக்குழந்தை. 1871இல், ஆறு வயது நிரம்புமுன், தங்கையோடு இங்கிலாந்தின் சவுத்சீ நகரில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்திடம் விடப்பட்டான் அச்சிறுவன். தாய் மீண்டும் வந்தது 1877இல். இரவில் முத்தமிடக் குனிந்த தாயைக் கண்டு, விழப்போகும் அடியைத் தடுப்பவன்போல் அவன் கையை உயர்த்தினான் என்று தாயே பின்னர் அவரிடம் கூறியிருக்கிறார். இந்தியாவை ஆண்ட ஆங்கிலக் குடும்பங்களில் பிள்ளைகளைக் கல்விக்காக இவ்வாறு பிரித்து அனுப்புவது வழக்கமாகவே இருந்தது. ஆட்சியின் செலவுக் கணக்கில் ஏறாத செலவு இது.

இங்கிலாந்திலேயே வாழ்ந்த செல்வர்களும் பிள்ளைகளை உடன் வைத்துக்கொள்ளவில்லை. எட்டு வயதில் ஆயத்தப் பள்ளியின் விடுதி. பதின்மூன்று வயதில் 1382இல் தோன்றிய வின்செஸ்டர், 1440இல் தோன்றிய ஈட்டன் போன்ற பெரும்பள்ளிகள். பெருங்கட்டணம் பெறும் இத்தனியார் பள்ளிகளுக்குப் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று பெயர் வழங்குவது ஆங்கில மொழியின் குறும்புகளுள் ஒன்று. ஆனால் இங்கு ஒன்றை நோக்கவேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளையின் உடலைத்தான் விடுதிப்பள்ளி பிரித்தது. விடுமுறையில் திரும்பும்போது அவன் தந்தை பேசிய ஆங்கிலத்தையே பேசிக்கொண்டு வந்தான். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்தது இதன் மறுதலை. அவன் மாலைதோறும் வீடு திரும்பினான். அவனுடைய பேச்சுத்தான் திரும்பவில்லை.

இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமான 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை அனைவருக்கும் இலவசமாக்கியது. அதனை நடைமுறைப்படுத்திய கல்வி அமைச்சகமும் வட்டார ஆட்சிகளும் பிள்ளைகளைப் பதினோராம் வயதில் ஒரு தேர்வின் வழியாகப் பிரித்தன. ‘இலெவன் பிளஸ்’ எனப்பட்ட அத்தேர்வில் வென்றவர்க்குக் கிராமர் பள்ளி, ஏனையோருக்கு ‘செகண்டரி மாடர்ன்’ என்பதே பெரும்பாலான இடங்களில் நிலைத்த ஏற்பாடு. ஏறத்தாழ ஐவருள் ஒருவர்க்கே கிராமர் பள்ளியில் இடம் கிட்டியது. ஊருக்கு ஊர் அவ்வளவு மாறியது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பள்ளிக்கும் தம்பி வேறொன்றுக்கும் சென்ற கதைகள் பல. தோற்ற பிள்ளையின் துயரம் அனைவரும் அறிந்தது. வென்ற பிள்ளையின் நிலையை முதலில் கூர்ந்து எழுதியவர் ரிச்சர்டு ஹோகார்ட்.

1918இல் லீட்ஸ் நகரில் பிறந்து, பெற்றோரை இழந்து, பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர் அவர். ‘தி யூசஸ் ஆஃப் லிட்டரசி’ என்னும் அவருடைய 1957ஆம் ஆண்டு நூலில் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் மாணவனைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. உழைப்பாளர் வீட்டில் கணப்பு எரியும் அறை ஒன்றே. அங்கேதான் வானொலி பாடும், தாய் துணிகளைத் தேய்ப்பாள், பிறர் பேசிக்கொண்டிருப்பர். அவ்வறையின் ஒரு மூலையில் மாணவன் வீட்டுப்பாடம் எழுதவேண்டும். எழுதவேண்டுமாயின் செவியை மூடவேண்டும். நாள்தோறும் மூன்று மணிநேரம் தன் குடும்பத்தின் குரலைக் கேளாதிருக்கப் பழகியவன், பின்னர் அதைக் கேட்க விரும்பும்போது அது எட்டாததாகிவிடுகிறது. பிரையன் ஜாக்சன், டென்னிஸ் மார்ஸ்டன் ஆகியோர் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் கிராமர் பள்ளிக் கல்வியை நிறைவு செய்த 88 உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட நூலும் இதையே வேறு வகையில் கூறுகிறது. பிள்ளை படிக்கும் பாடம் எத்தகையது, அது எங்கே கொண்டு சேர்க்கும் என்பதை அறியாமலே அதற்காகத் தம்மை வருத்திக்கொண்ட பெற்றோர் அந்நூலில் நிறைந்துள்ளனர்.

கவிதையில் இதனை வடித்தவர் டோனி ஹாரிசன். அதே லீட்ஸ் நகரில் 1937இல் ரொட்டி சுடும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, உதவித்தொகையில் கிராமர் பள்ளி சேர்ந்து, கிரேக்கமும் இலத்தீனும் கற்றவர். வகுப்பில் கீட்ஸின் கவிதையை அவர் லீட்ஸ் ஒலிப்பில் வாசிக்கத் தொடங்கியதும் ஆசிரியர் தடுத்துவிட்டதையும், நாடகம் நடித்தபோது ‘மக்பெத்’தில் குடித்துவிட்டு உளறும் வாயிற்காவலன் வேடமே தமக்குத் தரப்பட்டதையும் அவர் பாடியுள்ளார். கீட்ஸே இலண்டன் எளிய மக்களின் ஒலிப்புடையவர் என்பதும், ‘மாட்டர்’, ‘வாட்டர்’ என்னும் இரு சொற்களும் வடபுலத்தவரான வேர்ட்ஸ்வொர்த்தின் நாவில் குறையற்ற இயைபுத் தொடையாக அமைந்தன என்பதும் அவர் ஆசிரியருக்குத் திருப்பித் தந்த விடை. யாப்பறிந்தோர்க்கு இவ்விடையின் சுவை விளங்கும்.

ஆசிரியருக்கு விடை கூறிய கவிஞருக்குத் தந்தையிடம் கூற விடை இல்லை. தாய் இறந்த பின் தந்தையும் மகனும் கணப்பின் இருபுறமும் பேச்சற்று அமர்ந்திருக்கும் காட்சி ஹாரிசனின் பாடல்களில் மறக்க இயலாதது. இருவரையும் பிரித்தது பகையோ வயதோ அன்று, நூல்களே என்று அப்பாடல் உணர்த்துகிறது. 1970இல் வந்த முதல் தொகுப்பான ‘தி லாய்னர்ஸ்’ தாயை அழச்செய்தது என்பதையும் அவரே பின்னர்ப் பாடினார். கல்வியால் பெற்ற மொழியில் பெற்றோரைப் பாடிய மகன், அவர்கள் மனம் நோவதையும் அம்மொழியிலேயே பாடவேண்டியதாயிற்று.

1965இல் ஆண்டனி கிராஸ்லாண்டின் சுற்றறிக்கைக்குப் பிறகு பெரும்பாலான வட்டாரங்களில் இத்தேர்வு மறைந்தது. எனினும் கெண்ட், பக்கிங்ஹாம்ஷயர் முதலிய பகுதிகளில் அது இன்றும் நடைபெறுகிறது. இங்கிலாந்தில் 163 கிராமர் பள்ளிகள் எஞ்சியுள்ளன.

அமெரிக்காவில் நாடு தழுவிய பதினொரு வயதுத் தேர்வு என்றும் இருந்ததில்லை. அங்கே பிரிப்பது வேறு கருவி. பள்ளிகளுக்கான பணத்தின் கணிசமான பகுதி வட்டாரச் சொத்துவரியிலிருந்து வருவதால், குடியிருக்கும் தெருவே பிள்ளையின் பள்ளியை உறுதி செய்துவிடுகிறது. டெக்சாசின் சான் அந்தோனியோ நகரில் 1967-68இல் ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட் வட்டாரப் பள்ளிகள் மாணவர் ஒருவருக்கு 356 டாலரும், செல்வர் வாழ்ந்த ஆலமோ ஹைட்ஸ் பள்ளிகள் 594 டாலரும் செலவிட்டன. இது முறையா என்று பெற்றோர் தொடுத்த வழக்கு 1973இல் உச்ச நீதிமன்றத்தில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தோற்றது. அது பணத்தின் கதை.

மொழியின் கதை இதனினும் கடுமையானது. முதல் உலகப்போர் முடிந்ததும் நெப்ராஸ்கா மாநிலம் எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்கு வேற்று மொழி கற்பிப்பதைக் குற்றமாக்கியது. லூத்தரன் திருச்சபைப் பள்ளி ஒன்றில் பத்து வயதுச் சிறுவனுக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்த ஆசிரியர் ராபர்ட் மேயருக்கு 25 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1923இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளியது. ஐரோப்பியக் குடியேறிகளுக்கு இந்த அளவேனும் காப்பு இருந்தது. அம்மண்ணின் தொல்குடியினருக்கு அதுவும் இல்லை. பென்சில்வேனியாவின் கார்லைலில் 1879இல் படைத்தலைவர் ஒருவர் நிறுவிய விடுதிப்பள்ளியில் பிள்ளைகளின் கூந்தல் வெட்டப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. கரும்பலகையில் எழுதியிருந்த, தமக்கு விளங்காத பெயர்களுள் ஒன்றைக் கோலால் தொட்டுக் காட்டிப் புதுப்பெயர் பெற்றதை லூத்தர் ஸ்டாண்டிங் பேர் 1928இல் எழுதினார். அப்பள்ளியிலேயே பின்னர் ஆசிரியப்பணி ஆற்றிய ஜிட்கலா-சா என்னும் டகோட்டா எழுத்தாளர், எட்டு வயதில் இண்டியானாவிலுள்ள வேறொரு பள்ளிக்குச் சென்று மீண்டவர். பள்ளி வாயிலையே மிதித்திராத தாய், எழுதப் படிக்கத் தெரிந்த மகளைத் தேற்ற வழியறியாது நின்றதை அவர் 1900இல் ‘அட்லாண்டிக்’ இதழில் எழுதினார். இத்தகைய பள்ளிகளுக்காக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மன்னிப்புக் கோரியது 2024 அக்டோபரில்.

இக்கதைகளில் வல்லாண்மை வெளிப்படையானது. அன்பினாலும் அதே விளைவு நேரலாம் என்று காட்டியவர் ரிச்சர்டு ரோட்ரிகஸ். மெக்சிகோவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். 1944இல் பிறந்து கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் வளர்ந்தவர். ஒருநாள் பள்ளியின் அருட்சகோதரியர் மூவர் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் நலன் கருதி வீட்டிலும் ஆங்கிலமே பேசுமாறு பணிவுடன் கேட்டனர். பெற்றோர் உடனே இசைந்தனர். சில நாள் கழித்து, சனிக்கிழமைக் காலையில் சிறுவன் அடுக்களைக்குள் நுழைந்தபோது, ஸ்பானிய மொழியில் பேசிக்கொண்டிருந்த தாயும் தந்தையும் அவனைக் கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறினர். கிப்ளிங்கின் உணவுக்கூடத்தில் குழந்தை மொழி மாறியது. இங்கே பெற்றோர் மாறினர். ஆங்கிலம் வளர வளர, தந்தையை எச்சொல்லால் விளிப்பது என்பதே மகனுக்குத் தெரியாமற் போயிற்று. பழைய விளி நாவில் வரவில்லை. புதிய விளி பொருந்தவில்லை.

பின்னாளில் ஆங்கில இலக்கிய ஆய்வுக்காக இலண்டன் சென்ற ரோட்ரிகஸ், பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் ஹோகார்ட்டின் நூலைக் கண்டார். கணப்பறை மூலையில் செவி மூடிப் படித்த அந்த லீட்ஸ் சிறுவன் தாமே என்று உணர்ந்தார். 1982இல் ‘ஹங்கர் ஆஃப் மெமரி’ பிறந்தது. அந்நூலில் அவர் இருமொழிக் கல்வியை எதிர்த்து வாதிட்டது பெரும் பூசலை எழுப்பியது. 1998இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் இருமொழிக் கல்வியைப் பெரிதும் கட்டுப்படுத்தி, 2016இல் அக்கட்டுப்பாட்டை நீக்கினர் என்பதே அவ்வழக்கு எளிதில் தீராதது என்பதற்குச் சான்று. இழப்பை இத்துணை நுட்பமாக எழுதியவர், அவ்விழப்பு தவிர்க்க இயலாதது என்று முடிவு கட்டியது அவருடைய நூலின் வலுவற்ற பகுதி. தம் ஒருவர் வீட்டில் நேர்ந்ததை எல்லார் வீட்டுக்கும் விதியாக்க இயலாது.

வலுவான பகுதி தாயைப் பற்றியது. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்த தாய், குடும்பச் செய்திகளை அயலாருக்கு இனி எழுதவேண்டா என்று மடல் எழுதினார். மகன் எழுதினார். நூலின் இறுதியில் ஒரு கிறிஸ்துமஸ் இரவு வருகிறது. விருந்து முடிந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். வெளியே குளிரில் நிற்கும் தந்தைக்கு மேலங்கியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி தாய் மகனிடம் கூறுகிறார். மகன் சென்று அணிவிக்கிறார். நீயும் இப்போது வீட்டுக்குக் கிளம்புகிறாயா என்று தந்தை கேட்கிறார். அன்று மாலை முழுவதும் தந்தை அவரிடம் பேசியது அது ஒன்றுதான்.