மேட்டு மண்ணும் ஆற்று வண்டலும்



மேட்டு நிலத்தில் மண்ணரிப்பைத் தடுத்தால் ஆற்றில் வண்டல் குறையும் என்பது மெய்யே. ஆனால் எப்பொழுது குறையும் என்பதைச் சொல்வோர் அரியர். அதனை அறியாதவர்கள் நல்ல வேலையையும் வீணென்று கைவிடக்கூடும்.

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் கூன் கிரீக் என்னும் சிற்றாறு ஓடி மிஸிஸிப்பி நதியிற் கலக்கின்றது. அதன் நீர்ப்பிடிப்பு ஏறக்குறைய 140 சதுர மைல். 1850-க்குப் பின் அங்கே குடியேறியோர் செங்குத்தான சரிவுகளையும் உழுதார்கள்; மரமடர்ந்த குன்றுகளில் மாடுகளை மேயவிட்டார்கள். மேலும் கீழுமாகப் போன உழவுசாலே மழைநீருக்கு வாய்க்காலாயிற்று. வயல்களை நீர் அறுத்துப் பெரும் பள்ளங்களாக்கியது. கீழ்ப் பள்ளத்தாக்கிலோ, ஆண்டுதோறும் அங்குலக்கணக்கில் மண் படிந்து வேலிக்கம்பங்கள் புதைந்தன.

1933-ல் அந்நாட்டு மண்ணரிப்பு இலாகா, ஹியூ பென்னட் என்பவர் தலைமையில், தன் முதல் மாதிரி வேலையை இங்கே ஆரம்பித்தது. சர்க்கார் விதையும் சுண்ணாம்பும் ஆளும் கொடுக்கும். குடியானவர் செங்குத்துக் குன்றுகளில் மாடு விடலாகாது. இதுவே ஐந்தாண்டு உடன்படிக்கை. 800 குடியானவர்களில் 418 பேர் 1935-க்குள் கையொப்பமிட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே வளைத்து உழுது, ஒரு பட்டையில் மக்காச்சோளமும் அடுத்த பட்டையில் புல்லுமாகப் பயிரிட்டார்கள்.

பூகோள சாஸ்திரப் பேராசிரியரான ஸ்டான்லி டிரிம்பிள் பல்லாண்டு அளந்து, 1999-ல் வெளியிட்ட கணக்கு வியப்புக்குரியது. பள்ளத்தாக்கில் மண் படிவது முன்னிருந்ததில் மிகச் சிறு பங்காகக் குறைந்துவிட்டது. ஆயினும் மிஸிஸிப்பியிற் சென்று விழுந்த வண்டலோ அதிகம் மாறவில்லை!

காரணம் இதுதான். முன்னாளில் வயலை விட்டுப் போன மண்ணில் பெரும்பகுதி நதிக்குப் போய்ச் சேரவேயில்லை. வழியிலே பள்ளத்தாக்கில் தங்கிவிட்டது. மேட்டிலிருந்து மண் வருவது குறைந்தபின், ஆறு தன் கரைகளை அறுத்து அந்தப் பழைய மண்ணையே சுமந்து சென்றது. பாட்டன் காலத்துக் கடனைப் பேரன் காலத்தில் ஆறு அடைக்கிறது என்னலாம்.

ஆகவே ஆற்றின் வாயில் மட்டும் அளந்து பார்ப்பவர், அந்த 418 குடும்பங்களின் உழைப்பும் பயனற்றதென்று தீர்ப்புக் கூறிவிடுவார். வயலின் பள்ளம் வளர்கிறதா, பள்ளத்தாக்கின் வேலிக்கம்பம் புதைகிறதா என்று பார்ப்பவரோ உண்மையை அறிவார். அவ்வட்டாரத்து ஆறுகளில் வெள்ளத்தின் வேகம் தணிந்தது. மழையில்லாத நாட்களில் ஊற்றுநீர் முன்னினும் மிகுதியாக ஓடலாயிற்று.