கோடைக்கு முன்னே கரண்ட் கணக்கு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு கோடைகால மின்சாரம். "பத்தாவது படிச்சவளுக்கு இது எதுக்கு?"ன்னு எங்க வீட்டுக்காரர் சிரிச்சார். ஆனால் நாம கடன் வாங்கிப் போட்ட தையல் மிஷினும் மாவு கிரைண்டரும் கரண்டில்தானே ஓடுது? கரண்ட் நின்றால் வருமானம் நிற்கும். தவணை நிற்காது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எல்லாரும் ஒரே கூட்டத்தில் உள்கடன் கேட்போம். மற்ற மாதம் சரியாக இருக்கிற பணம் அந்த மாதம் மட்டும் பத்தாது. கோடையில் நாட்டுக்கும் அதே பாடுதான். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மே 30 அன்று இந்தியா முழுக்கச் சேர்த்து சுமார் 2,50,000 மெகாவாட். பணத்தையாவது பெட்டியில் பூட்டி வைக்கலாம். கரண்ட் அப்படி இல்லை, நாம சுவிட்சைப் போடுகிற அந்த நொடியிலேயே எங்கேயோ ஓரிடத்தில் உற்பத்தி ஆகணும்.

பகலைவிட சாயங்காலம்தான் சிக்கல். கமுதி மாதிரி இடங்களில் இருக்கிற சோலார் பேனல் பொழுது சாய்ந்ததும் நின்னுடும். முப்பந்தல் காற்றாடியெல்லாம் மே கடைசிக்கு மேலேதான் நல்லா சுத்தும். ஏப்ரல் மாத ஏழு மணிக்கு வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. நாமோ அப்பத்தான் லைட், ஃபேன், டிவி எல்லாத்தையும் போடுறோம். டவுனில் ஏசி வேற.

அதனால்தான் முன்கூட்டியே திட்டம் போடுறாங்க. கோடையில் வெளி மாநிலத்தில் கைமாத்தாகக் கரண்ட் வாங்கி, காற்றுக் காலத்தில் திருப்பிக் கொடுக்கிறதும் உண்டு. நாம சர்க்கரை, காபித்தூள் வாங்குகிற மாதிரிதான்! 2013 டிசம்பர் 31 அன்று தென் மாநில லைனை நாட்டின் மற்ற லைன்களோடு சேர்த்தாங்க. அதுக்கு முன்னாடி நாம பட்ட மின்வெட்டை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீங்க. எனக்கு ரொம்பப் பிடித்தது ஆனைமலையில் இருக்கிற கடம்பாறை. கரண்ட் மிச்சமாக இருக்கிற நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏத்துறாங்க. தட்டுப்பாடு வரும்போது அதையே இறக்கிவிட்டு 400 மெகாவாட் வரைக்கும் எடுக்கிறாங்க. தண்ணீரிலேயே கரண்டைச் சேமிக்கிற மாதிரி.

இத்தனை இருந்தும் நம்ம தெரு டிரான்ஸ்பார்மர் தாங்கலைன்னா நமக்கு லோ வோல்டேஜ்தான். போன கோடையில் எங்க குழு அக்கா ஒருத்தருக்கு கிரைண்டர் மோட்டார் புகைஞ்சு போச்சு. காயில் கட்டுகிற செலவு அவங்க தலையில். ஏப்ரலில் போய்ச் சொன்னால் எல்லா ஊர் மனுவும் அங்கே குவிஞ்சு கிடக்கும். ஜனவரி 26 கிராம சபையிலேயே நாம எழுதிக் கொடுக்கணும். எந்தத் தெருவில் எத்தனை மிஷின், எத்தனை குதிரைத்திறன் மோட்டார், எந்த நேரம் ஓடுதுன்னு கணக்கோடு கொடுத்தால் வெறும் புகார்னு ஒதுக்க முடியாது.

நம்ம பக்கமும் வேலை இருக்கு. மாவு அரைக்கிறவங்க காலையிலோ மத்தியானமோ அரைச்சிடலாம். புது ஃபேன் வாங்கினால் பிஎல்டிசி ஃபேன் கேளுங்க. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இது 30 வாட் அளவில் ஓடும். விலை கூடத்தான், குழுவாக மொத்தமாக வாங்கினால் கடைக்காரர் குறைப்பார்.

பட்டியல் எழுத நோட்டு கொண்டு வந்திருக்கேன். விழா முடிஞ்சதும் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருத்தர் என்கிட்ட வாங்க.