காலின் கொடை



வாய்க்கால் தூர்ந்தால் விக்கிரமங்கலத்து உழவர் வயலைக் கைவிடுவதில்லை. அருகே புதுக்கால் வெட்டி நீர் பாய்ச்சுவர். ‘பைபாஸ்’ என வழங்கும் இதய அறுவையும் அத்தகையதே. 1967இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ரெனே ஃபவலோரோ, நோயாளியின் காலிலிருந்து எடுத்த இரத்தக்குழாயால் அடைப்பைத் தாண்டிப் புதுவழி அமைத்தார். 1975இல் சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இவ்வறுவையை இந்தியாவில் முதன்முதலாக வெற்றியுடன் செய்தார்.

எனினும் அறுவையால் அடைப்பு அகல்வதில்லை, வழியே புதிது. பிளந்த மார்பெலும்பு கூடி வலுப்பெற இரண்டு மூன்று திங்களாகும். அதுவரை பளு தூக்கலாகாது. புகையை விடாதார்க்குப் புதுவழியும் தூர்ந்துவிடக் கூடும்.

தமிழில் கால் என்பது வாய்க்காலையும் குறிக்கும். நடக்கும் காலையும் குறிக்கும். தன் குழாயை ஈந்து இதயத்தைக் காத்த காலுக்குப் பட்ட கடனை நாள்தோறும் நடந்தே தீர்த்தல் வேண்டும்.